விமானத்தின் இடது கால்

"கொலைகாரன் வந்தாலும் இதே பாஸ்தானா சார், இல்ல அவனுக்குத் தனி கலரா?"

ரேடியோ என்கிற பையன் இப்படிக் கேட்டது விமான மியூசியத்தின் வாசல் மேசையில். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் சிரிக்கவில்லை. டப்பாவுக்குள் தடவி இரண்டு பார்வையாளர் பாஸ்களை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றின் சிவப்பு ரிப்பனும் அட்டையைச் சுற்றி மூன்று சுற்று இறுக்கமாகச் சுருட்டப்பட்டு, நுனி அடியில் செருகப்பட்டிருந்தது. ரேடியோ அதை நகத்தால் நோண்டிப் பார்த்தான். பல்லால் கடிக்கவும் போனான்.

"நுனியை இழுங்க தம்பி."

இழுத்தான். மொத்தச் சுருளும் ஒரே இழுப்பில் விரிந்து தொங்கியது.

"அடேங்கப்பா! என் இயர்போன் வயரையும் கொஞ்சம் இப்படிச் சுத்திக் குடுங்க சார், புண்ணியமாப் போகும்."

"ரேடியோ," என்றார் கூட வந்திருந்த மேடம்.

அந்த ஒற்றைச் சொல்லுக்கு 'வாயை மூடு, இவர்தான் செத்துப்போனவரின் மாமனார்' என்று அர்த்தம். அது அவனுக்கு உள்ளே நடக்கும்போதுதான் விளங்கியது. விளங்கியதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவன் வாய் எப்போதும் மூளைக்கு ஒரு பஸ் ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிடும்.

மேடம் ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளை விசாரித்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். விபத்து என்று சொல்லப்படுவதில் பாதி விபத்தே இல்லை என்பது அவருடைய கட்சி. ரேடியோ அவருடைய உதவியாளன். கார் ஓட்டுவான், படம் எடுப்பான், வாயை மூடமாட்டான். அதனால்தான் அந்தப் பெயர்.

"நீங்க ஏன் முன்னாடியே சொல்லல?" என்று முணுமுணுத்தான்.

"சொல்றதுக்குள்ள ஒலிபரப்பு ஆரம்பிச்சுடுச்சே!"

விமானங்களை நிறுத்தும் ஹேங்கரின் இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பெயிண்ட் வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் மூக்கில் ஏறின. சண்டைக்குப் போய் வந்த பழைய விமானங்கள் வரிசையாக நின்றன. ஒன்றுக்குத் தோல் உரிக்கப்பட்டு எலும்பு தெரிந்தது. இன்னொன்றுக்கு மூக்கே இல்லை. கோடியில், இடது பக்கம் சாய்ந்து, இறக்கை நுனி தரையில் பட்டபடி கிடந்தது ஒற்றை ஆள் ஓட்டும் ஜெட். அதன் அடியில் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். அந்த இடம் மட்டும் மற்ற தரையைவிட வெள்ளையாக இருந்தது.

ரேடியோ அதைப் பார்த்தான். சொல்ல வந்த ஜோக்கை விழுங்கினான்.

அந்த வெள்ளை இடத்துக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயிண்ட் படிந்த ஓவரால், வாராத தலை. இந்த ஹேங்கரின் பெயின்டர் அவள். செத்தவர் அவளுடைய கணவர். வாசலில் பாஸ் கொடுத்த பெரியவர் அவளுடைய அப்பா. விமானப்படையில் தரைப்பணிக் குழுவுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை எல்லோரும் சீஃப் என்பார்கள். அவருடைய மருமகன் என்பதால், இறந்தவரை டைரக்டர் முதல் டிராக்டர் ஓட்டுகிறவர் வரைக்கும் மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள்.

"நீங்க கண்டுபிடிக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான் மேடம்," என்றாள் அவள். "என் வீட்டுக்காரரை நான் கொன்னேனா இல்லையா?"

மேடம் இன்னொரு ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தார். "முதல்லேர்ந்து சொல்லும்மா. எனக்கு விமானம்னா ஜன்னல் சீட்தான் தெரியும்."

அவள் சொன்னாள். இந்த ஜெட்டின் இடது காலில் உள்பூட்டு தேய்ந்துபோய் வெகுகாலமாகிறது. கால் மடங்காமல் நிற்பதற்கு, அதன் மூட்டில் விரல் தடிமனுக்கு ஓர் எஃகு லாக் பின் செருகியிருப்பார்கள். கண்ணில் படவேண்டும் என்று அதில் நீளமாக ஒரு சிவப்பு ரிப்பன் தொங்கும். விபத்து நடந்த அன்று காலை விமானத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, லாக் பின்னைக் கழற்றிவிட்டு, அவள் காலுக்குப் பெயிண்ட் அடித்தாள். அடித்து முடித்துப் பின்னைச் செருகினாள். அதன் பிறகு ஜாக்கியை இறக்கினார்கள்.

"செருகினதா ஞாபகம். எல்லாரும் கேன்டீனுக்குச் சாப்பிடப் போனோம். அவர், 'நீ போ, விமானத்தோட அடிவயித்துல ரெண்டு எழுத்து பாக்கி இருக்கு, பின்னாடி போய்த் தூரிகையைக் கழுவிட்டு வந்து எழுதிட்டு வரேன்'னார். அப்புறம்..." அவள் தரையைப் பார்த்தாள். "சத்தம் கேட்டு ஓடி வந்தோம். கால்ல பின் இல்ல. கழட்டினா மாட்டி வைக்கிற சுவத்து ஆணியிலயும் இல்ல. தரையில, குப்பையில, எங்கயும் இல்ல. நான் மாட்டவே இல்லன்னு இன்ஸ்பெக்டர் சொல்றார். மறந்துட்டேன்னு எழுதி நாளைக்குக் காலையில கையெழுத்துக் கேட்டிருக்கார். போட்டுடலாம்னுதான் இருந்தேன். தூக்கமில்லாம யோசிச்சு யோசிச்சு, மாட்டின மாதிரியும் இருக்கு, மாட்டாத மாதிரியும் இருக்கு."

"பின் இல்லாம ஜாக்கியை இறக்கினா, கால் உடனே மடங்கிடாதா?"

"மடங்கலாம். தேஞ்ச பூட்டு கொஞ்ச நேரம் பிடிச்சும் நிக்கலாம். இன்ஸ்பெக்டர் அதைத்தான் சொல்றார்."

ஜாக்கிப் பக்கத்தில் நின்றிருந்த, விமானங்களை இழுக்கும் டிராக்டரின் டிரைவர் குறுக்கே வந்தார். "இந்தம்மா மறந்தாங்கன்னா நான் ஓட்டுறது டிராக்டரே இல்ல மேடம். அடுப்பை அணைச்சமான்னு நாலு தடவை பார்க்கிற ஜாதி இவங்க."

"நானும் அதையேதான் போலீஸ்ல சொன்னேன்," என்றார் பின்னாலேயே வந்த டைரக்டர். "இவங்க வேலையில இதுவரைக்கும் ஒரு குறை கிடையாது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்றாள் பெயின்டர். "ஆறுதலுக்குச் சொல்றாங்க. அப்பா மட்டும்தான் உள்ளதைச் சொல்றார். 'மறதி எல்லாருக்கும் வர்றதுதாம்மா, உன்னை யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க'ன்னு. பக்கத்துல உட்கார்ந்து தலையைத் தடவிக்கிட்டே சொல்வார்."

 மேடம் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். கண்ணாடியில் அழுக்கு இல்லை என்பது ரேடியோவுக்குத் தெரியும். மேடத்துக்கு எதிலோ ஒரு முள் குத்தியிருக்கிறது என்று அர்த்தம்.

"டைரக்டர் சார், அன்னைக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம் இந்த விமானத்துக்கு என்ன வேலை வச்சிருந்தீங்க?"

டைரக்டர் தொண்டையைச் செருமினார். "இழுத்து வெளியில கொண்டுபோறதா இருந்தோம். ஒரு ஹோட்டல்காரருக்குக் குடுக்கிறோம். வாசல்ல நிறுத்தி வைப்பார். பதிலுக்கு எங்களுக்கு வேற ரெண்டு விமானம் வருது. தன் கால்ல நிக்கணும்கிறதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை."

"ரோட்டுல எப்படி எடுத்துட்டுப் போவாங்க?" என்றான் ரேடியோ. "ஹாரன் அடிச்சுக்கிட்டேவா?"

"இறக்கையை அறுத்துத்தான் எடுத்துட்டுப் போகணும்."

"இப்ப?"

"கால் போச்சே. வேண்டாம்னுட்டார்."

அறுக்கப்போவது வேறு யாருக்கெல்லாம் தெரியும் என்று மேடம் கேட்டார். ஹேங்கரில் எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளைதான் அறுக்க வேண்டிய இடங்களைக் குறித்துக் கொடுத்தார். மனசில்லாமல்தான் செய்தார். சாப்பிடப் போகாதவர்கள் என்று பார்த்தால் மாப்பிள்ளையைத் தவிர யாருமில்லை. வாசலில் இருக்கிறவர்கள் மட்டும் மேசையிலேயே சாப்பிடுவார்கள்.

"சரி, பின்னைத் தேடுவோம்," என்று மேடம் எழுந்தார்.

"போலீஸ் சல்லடை போட்டுச் சலிச்சாச்சு மேடம்," என்றான் ரேடியோ. "இனிமே விமானத்தோட வயித்தை எக்ஸ்ரேதான் எடுக்கணும். ஒருவேளை முழுங்கியிருக்குமோ என்னமோ!"

மேடம் சட்டென்று நின்றார். ரேடியோ பயந்துபோனான். அவன் பேச்சில் மேடம் நிற்பது வருஷத்துக்கு ஒரு தடவை நடந்தால் அதிகம்.

"சார், நிஜமா பறந்துக்கிட்டிருந்த காலத்துல, கிளம்புறப்ப இந்தப் பின்னைக் கழட்டிடுவாங்க இல்ல? கழட்டி எங்க வைப்பாங்க?"

"தரையில இருக்கிறவங்க எடுத்து வச்சுக்குவாங்க," என்றார் டைரக்டர்.

"விமானம் வேற ஊர்ல போய் இறங்கினா? அங்க காலுக்கு என்ன மாட்டுவாங்க?"

டைரக்டர் டிராக்டர் டிரைவரைப் பார்த்தார். டிராக்டர் டிரைவர் தலையைச் சொறிந்தார். இந்த விமானம் மியூசியத்துக்கு வந்த நாளிலிருந்து ஓர் அங்குலம்கூட மேலே எழும்பியதில்லை. அதன் லாக் பின்னுக்கு இங்கே உள்ளவர்கள் அறிந்த இடங்கள் காலும் சுவர் ஆணியும்தான்.

"கூடவே போயிருக்கணும்," என்றார் மேடம். "இதுக்குள்ளயே அதுக்குன்னு ஓர் இடம் இருக்கு."

தேடினார்கள். பைலட் சீட்டுக்குப் பின்னால் பார்த்தார்கள், ஏணிக்குப் பின்னால் பார்த்தார்கள், முன்சக்கரக் குழிக்குள் ரேடியோ தலையை விட்டுக் கிரீஸோடு வெளியே வந்தான். பெயின்டர் மட்டும் விமானத்தின் மூக்கருகே கையால் தடவியபடி மெதுவாக நடந்தாள். அந்த உடம்பின் ஒவ்வொரு சாணுக்கும் அவள்தான் பெயிண்ட் அடித்திருந்தாள். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த இடம் என்று சொல்லிவிடுவாள்.

ஓரிடத்தில் அவள் விரல் நின்றது.

"இந்தக் கீறல் என்னோடது இல்ல."

குனிந்து பார்த்தால்தான் தெரியும். தலைமுடி அளவுக்கு ஒரு கோடு, சதுரமாக ஓடியது. அந்த இடத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சின்னக் கதவு இருந்திருக்கிறது. அடுக்கடுக்கான பெயிண்டுக்கு அடியில் அது மறைந்துபோயிருந்தது. அங்கே ஒரு கதவு இருப்பது அவளுக்கே தெரியாது. யாரோ சன்னமான கத்தியால் விளிம்பைச் சுற்றிப் பெயிண்டை அறுத்துத் திறந்து, மறுபடி அழுத்தி மூடியிருக்கிறார்கள்.

மேடம் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தார். உள்ளே பழைய கான்வாஸ் பை ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. பைக்குள் லாக் பின் இருந்தது.

பெயின்டர் ஒரு கேவல் விட்டாள். "தொடாதீங்க! திருப்புங்க, அந்தப் பக்கம்... மேடம், நடுவுல பாருங்க!"

எஃகு பின்னின் நடுவில், இடைவெளி விட்டு, சாம்பல் நிறத்தில் இரண்டு வளையங்கள் ஒட்டியிருந்தன.

"அது என் பெயிண்ட். அன்னைக்குக் காலையிலதான் கலக்கினேன். அதுக்கு முன்னாடி அந்தக் கால் பச்சையா இருந்துச்சு. ஈரம் காயறதுக்குள்ள செருகினதால, ஓட்டையோட ரெண்டு விளிம்புலேர்ந்தும் ஒட்டியிருக்கு." அவள் குரல் உடைந்தது. "மாட்டியிருக்கேன். நான் மாட்டியிருக்கேன் மேடம். நான் மறக்கல!"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அத்தனை நாளாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாறாங்கல் அவள் கண் முன்னாலேயே உருண்டு போனது. டிராக்டர் டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். டைரக்டர் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட ஓடினார். ரேடியோவுக்கே கண் கலங்கியது. சந்தோஷத்தில் விசில் அடித்துவிடலாம் போலிருந்தது.

அப்போதுதான் அவன் லாக் பின்னின் ரிப்பனைக் கவனித்தான்.

பின்னின் தலையைச் சுற்றி இறுக்கமாக மூன்று சுற்று. நுனி அடியில் செருகப்பட்டிருந்தது.

அவன் கை தானாகக் கழுத்தில் தொங்கிய பாஸுக்குப் போனது. விசில் தொண்டையிலேயே செத்துப்போனது. மேடத்தைப் பார்த்தான். மேடம் ஏற்கெனவே அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இது நான் நினைக்கிறதா இருக்கக் கூடாது," என்றான் கிசுகிசுப்பாக.

"நுனியை இழு."

கைக்குட்டையால் பிடித்து இழுத்தான். மொத்தச் சுருளும் ஒரே இழுப்பில் விரிந்து தொங்கியது.

"இந்தப் பை இருக்கிறது இங்க யாருக்கும் தெரியாது," என்றார் மேடம் தணிந்த குரலில். "இந்த விமானத்தை வானத்துக்கு அனுப்பி வச்சவருக்கு மட்டும்தான் தெரியும். யாரோ விஷமம் பண்ணியிருந்தா பின்னைத் தூக்கிப் புதர்ல எறிஞ்சிருப்பாங்க. இவர் எறியல. கை பழக்கப்படி சுருட்டி, வைக்க வேண்டிய இடத்துல வச்சிடுச்சு."

"இவங்க 'மறக்கற ஆள் இல்ல'ன்னு சொல்லாதவரும் அவர் ஒருத்தர்தான்," என்றான் ரேடியோ.

"பெத்தவர் முதல்ல அதைத்தான் சொல்லியிருக்கணும்."

பெயின்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. "அப்பாகிட்ட சொல்லணும். முதல்ல அப்பாகிட்ட சொல்லணும். பாவம், எனக்காக அவரும் உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டிருந்தார்."

அவள் முன்னால் வாசலை நோக்கி நடந்தாள். ரேடியோ இந்த நடையை எப்படியாவது நீட்டிவிட முடியாதா என்று பார்த்தான். ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது என்று குனிந்தான். அவன் போட்டிருந்தது செருப்பு. மேடம் அவன் தோளைத் தொட்டு நடக்கச் சொன்னார்.

வாசல் மேசையில் சீஃப் மத்தியானப் பார்வையாளர்கள் திருப்பிக் கொடுத்த பாஸ்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மகள் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்தாள். "அப்பா! நான் மறக்கலப்பா! நான் மாட்டியிருக்கேன்!"

"அப்படியாம்மா?" என்றார் அவர். தலை நிமிரவில்லை. கைகள் மட்டும் வேலையைச் செய்துகொண்டிருந்தன.

மேடம் தன்னுடைய பாஸைக் கழற்றி மேசையில் வைத்தார். அதன் பக்கத்தில், கைக்குட்டையில் கொண்டுவந்த லாக் பின்னை வைத்தார். ரிப்பன் விரிந்து மேசை விளிம்பில் தொங்கியது.

சீஃப்புக்குப் பார்வை மங்கல். கை பாஸை எடுத்தது, சுருட்டியது, செருகியது, டப்பாவில் போட்டது. அடுத்ததை எடுத்தது. மூன்று சுற்று சுற்றியது. நுனியை அடியில் செருகியது. செருகிவிட்டு டப்பாவை நோக்கிப் போகாமல், அவருடைய இடது தோளுக்கு மேலே, காற்றில், ஒரு சின்னக் கதவைத் தேடுவதுபோல உயர்ந்தது. எஃகின் கனம் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

மகள் அந்தக் கையைப் பார்த்தாள். கையிலிருந்த சுருளைப் பார்த்தாள். தோளிலிருந்து அவளுடைய பிடி நழுவியது.

"அப்பா?"

சீஃப் கையை இறக்கிப் பின்னை மேசையில் வைத்தார்.

"நான் எடுத்தப்ப கீழ யாருமில்லம்மா," என்றார் சீஃப். "சத்தியமா யாருமில்ல. இழுத்துட்டுப் போறப்பதான் மடங்கும்னு நினைச்சேன். இழுக்கிறப்ப இறக்கைக்குக் கீழ ஒரு ஆள் நிக்கக் கூடாது, அது சட்டம். கால் உடைஞ்சா ஹோட்டல்காரன் வேணாம்பான். அதை அறுக்க மாட்டாங்க. அவ்வளவுதான் நினைச்சேன். அது எத்தனை தடவை சண்டையில குண்டு பட்ட ஓட்டையோட திரும்பி வந்து என் கையால எழுந்திருச்சிருக்கு தெரியுமா? இறக்கையை அறுத்து ஹோட்டல் வாசல்ல நிறுத்தி, அதுமேல குழந்தைங்களை ஏத்தி போட்டோ எடுப்பான்னா... என்னால முடியலம்மா. நான் இங்க வந்து உட்கார்ந்தப்புறம் மாப்பிள்ளை தூரிகையோட திரும்பி வந்திருக்கார். எனக்குத் தெரியாது."

"தெரியாது," என்று அவள் திருப்பிச் சொன்னாள். குரலில் அழுகை இல்லை. அழுததெல்லாம் ஹேங்கரிலேயே தீர்ந்துபோயிருந்தது.

"இந்தப் பின்னை அங்கேர்ந்து எடுத்துடணும்னு தினமும் நினைச்சேன். போலீஸ் நடமாட்டம். உன்கிட்ட சொல்லணும்னும் நினைச்சேன். இப்ப வீட்டுக்காரனும் இல்லாம, அப்பனும் ஜெயிலுக்குப் போயிட்டா நீ என்ன பண்ணுவேன்னு..."

"அப்பா, நான் தினமும் உங்ககிட்டதானே கேட்டேன்? மாட்டினேனா, மாட்டலையான்னு. உங்க மடியில தலை வச்சுக் கேட்டேனே. நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் பாஸ் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மறதி எல்லாருக்கும் வர்றதுதாம்மான்னு சொன்னீங்க."

"மன்னிச்சுடும்மா."

"அவர் கீழ இருந்தது உங்களுக்குத் தெரியாது. சரி, ஒத்துக்கறேன்." அவள் குனிந்து அவருடைய மங்கிய கண்ணுக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனாள். "நான் உங்க பக்கத்துலதானேப்பா இருந்தேன்? நான் இருந்தது தெரிஞ்சுதில்ல?"

 சீஃப்பின் கை மேசைமீது எதையோ தேடியது. அகப்பட்ட ரிப்பனைச் சுருட்ட ஆரம்பித்தது. மகள் அந்த ரிப்பனை அவர் விரல்களிலிருந்து உருவி எடுத்து, மேசையின் மறுகோடியில் விரித்துப் போட்டாள்.

"மேடம், இன்ஸ்பெக்டர் வர்ற வரைக்கும் இவர்கூட நீங்க இருங்க," என்றாள். "என்னால முடியாது."

அவள் ஹேங்கரை நோக்கி நடந்தாள். வழியில் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மேடம் நாற்காலியை இழுத்துப்போட்டு சீஃப்பின் எதிரில் உட்கார்ந்தார். ரேடியோ தன் கழுத்திலிருந்த பாஸைக் கழற்றினான். அதைப் பெரியவரின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, சாலையில் போலீஸ் ஜீப் வருகிறதா என்று பார்க்கப் போனான்.